பேசும் படமும் பேசாத வீடும்

திரைப்படம் என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். அவர்தம் அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், பெற்றோர் தம் வளர்ந்த மக்களோடு ஒன்றாக அமர்ந்து பார்த்துப் பேசத்தக்க படங்கள் சிலவும் உண்டு. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகியவற்றை அவ்வரிசையில் வைக்கலாம். அவரை நகைச்சுவை நடிகராக அறிந்தோர் பலர். இயக்குநராக அறிந்தோர் சிலரே. இவ்விரு படங்களுக்கும் உரையாடல் தீட்டியவர் மு. கருணாநிதி.

பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் எம் மகளுக்கு மணப்பேச்சு தொடங்கியிருந்த நாள்களில், ‘பணம்’ படத்தை அவளுக்குக் காட்டினோம். வரதட்சணை ஆசை ஒரு குடும்பத்தைக் குலைப்பதே கதை. தொடக்கத்தில் அவளுக்குப் பொறுமை இல்லை. “என்ன வாப்பா, எல்லாரும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறார்களே!” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். கலைவாணர் வில்லுப்பாட்டிலும் நாடகக் குழுவிலும் பயின்றவர். வில்லடித்துப் பாடுபவர் ஒன்று கூற, பக்கத்தில் இருப்பவர் மறித்துக் கேட்பார். வினாவும் விடையுமாகவே கதை நகரும். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கருத்தைச் செலுத்தி விடையிறுத்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பிறந்த இடலாக்குடியும் இப்பகுதியில்தான் உள்ளது. சொல்லைச் செவியால் சுவைத்துப் பழகிய மக்களுக்கு எடுக்கப்பட்ட படங்கள் அவை. அவற்றில் மாந்தர் ஒருவரோடொருவர் வாதாடுவதே நிகழ்ச்சி.

பாதிப் படம் கடந்தபின் மகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள். படம் முடிந்ததும் கேட்டாள்:

“வாப்பா, இதில் பேராசைக்காரனும் வாய்விட்டுப் பேசுகிறான். அதனால் அவனுக்குப் பதில் சொல்ல முடிகிறது. நம் வீடுகளில், ‘நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்’ என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? நிக்காஹில் மஹரைச் சபையறியச் சொல்கிறார்களே, கைக்கூலியை ஏன் எந்தச் சபையிலும் சொல்வதில்லை?”

அவளுடைய உம்மா எம் முகத்தைப் பார்த்தாள்.

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்குமாறு மார்க்கம் விதித்த கடமை. அதனைத் தலைகீழாகத் திருப்பியதே கைக்கூலி. நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். ‘பணம்’ அதற்கு ஒன்பது ஆண்டு முந்தியது. சட்டம் வந்த பின்னும் வழக்கம் ஒழியவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டது. எத்தனை பவுன், என்ன வாகனம் என்பதெல்லாம் தரகரின் காதோடு முடிகின்றன. மறுநாள் பள்ளிவாசலில் ஒருவரையொருவர் கண்டு ஸலாம் சொல்லிக்கொள்ளும்போது இரு தரப்பாருக்கும் எதுவும் நடக்காதது போன்ற பாவனை. வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒன்றைக் கைநீட்டி வாங்கலாமா? உரக்கப் பேசும் பழைய படம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பயிற்சி, இதைக் கேட்கும் துணிவுதான்.

அதன்பின் பெண் கேட்டு வருவோரிடம், தேநீர் வைக்குமுன்பே, “மஹர் என்ன தருவீர்கள் என்று சொல்லுங்கள், இங்கே கைக்கூலி இல்லை” என்று நாமே பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். இரு வீட்டார் மறுபடி வரவில்லை. மகள் அதற்காக வருந்தவில்லை. ‘மணமகள்’ படத்தை எப்போது பார்ப்பது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.