மணல்பையின் சாட்சியம்

உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்து பழகினார்கள். இந்த வயதில் இது சிரமமல்லவா என்று ஒருவர் கேட்டபோது, எய்யக் கற்றபின் அதைக் கைவிடுவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கண்டித்தார்கள் என்பதை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இச்செய்தியைச் சொல்லித்தான் எங்கள் மகளை ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்த்தோம். பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்ட உறவினருக்கும் அதுவே எங்கள் விடை.

சில மாதங்களாக அவளுடைய குண்டுகள் இடப்புறம் கீழே விலகின. ஒரே இடத்தில் விழுந்தால் குறியைத் திருகிச் சரிசெய்யலாம். இவையோ வால் நீண்டு சிதறின. பத்து மீட்டருக்கு அப்பால், 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். துப்பாக்கியில்தான் பழுது என்றாள். புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். உம்ராவுக்கென்று சேர்த்த பணத்தில் கை வைக்கவேண்டிவரும். வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம், பாவம், ஓர் இரும்புத்துண்டுக்கும் அந்த உரிமையை மறுக்காது என்று எண்ணினோம்.

பயிற்சியாளர் மேசைமீது மணல்பை வைத்து, துப்பாக்கியின் உடற்பகுதியை அதில் அமர்த்தினார். குழலோ காற்று உருளையோ எதையும் தொடவில்லை. இரு மணிக்கட்டுகளும் பையில் ஊன்றியிருந்தன. கையின் நடுக்கத்தை இயன்றவரை கழித்துவிட்டால் எஞ்சுவது கருவியின் குணம். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து குண்டுகள். பின்னர் மிகவும் விலகிய இரண்டு துளைகளின் மையங்களுக்கிடையே அளவு. தாங்கிச் சுடும்போது குண்டு விழும் இடம் சற்று மாறக்கூடுமாதலால், இடத்தை விட நெருக்கத்தையே கவனிக்கச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு.

அவள் வழக்கமாகப் பயன்படுத்திய பெல்லட் சற்றே சிதறியது. வேறு வகையை இட்டபோது ஐந்தும் ஒரே துளையைக் கொஞ்சம் அகட்டியதுபோல் விழுந்தன. துப்பாக்கி குற்றமற்றது, பெல்லட்டுக்குச் சிறு பங்கு, அந்த நீண்ட வாலுக்குக் காரணம் விசையை விரலால் மட்டும் அழுத்தாமல் உள்ளங்கை முழுவதையும் இறுக்குவது. வலக்கையால் சுடுவோரிடம் இது பெரும்பாலும் இடப்புறக் கீழ்விலகலாகவே வெளிப்படும்.

“அப்ப எல்லாம் என் கைதானா வாப்பா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. கையைப் பழக்கலாம் கண்ணு, அதற்கு லட்சம் தேவையில்லை என்றோம். உம்மா சிரித்துவிட்டதால் அவளும் சிரித்தாள்.

இப்போது அஸ்ருக்குப் பின் குண்டில்லாமல், வெற்றுச் சுவரை நோக்கி விசைப் பயிற்சி. விளையாட்டுக்காகவும் ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டக்கூடாது என்ற நபிமொழியை முன்னிட்டு, அந்த அரைமணி நேரம் தம்பிக்கு அவ்வறையில் இடமில்லை. கதவுக்கு வெளியே நின்று “முடிஞ்சுதா லாத்தா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.