பழைய வண்டியின் விலை

பழைய மிதிவண்டியை விலைக்குக் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் மணியைத்தான் அடித்துப் பார்க்கிறார்கள். மணி நன்றாக ஒலித்தால் வண்டியும் நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கு யார் கற்பித்தார்களோ, நாம் அறியோம். அடுத்து இருக்கையைத் தட்டுவார்கள். உடனே விலை கேட்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வண்டிகளை வாங்கியும் விற்றும் வருகிற நமக்கு, அந்த மணியோசை கேட்கும்போதே வந்தவரைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடுகிறது.

பார்க்கத் தெரிந்தவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். இருக்கைக் குழாய் வழியே இறங்கும் மழைநீர் பெடல் அச்சு நுழையும் கூட்டில்தான் தங்கும். துருவும் அங்கேதான் குடியிருக்கும். பிறகு, தலைக்குழாயோடு மற்றக் குழாய்கள் சேருமிடத்தின் அடிப்பகுதியை விரலால் தடவுவார். அங்கே வண்ணம் சுருங்கி வெடித்திருந்தால் வண்டி என்றோ எதன்மீதோ மோதியிருக்கிறது என்று பொருள். அடுத்தபடியாகக் கம்பிகளை எண்ணுவார். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. இந்தக் கணக்கு மாறியிருந்தால் சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று ஐயுறலாம். இவ்வளவும் முடிந்த பின்னர் மணியை அடிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

நம் பகுதியில் இன்னமும் அகப்படுகிற பழைய ஆங்கிலேய வண்டிகள் ராலி, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகியவையே. ராலி 1887இல் நாட்டிங்காம் நகரில் தோன்றிய நிறுவனம். அது 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் தன்வசமாக்கிக்கொண்டது. ஆகவே அவ்வாண்டுகளுக்குப் பின் வந்த ஹம்பரும் ரட்ஜும் ராலிக்கு உடன்பிறப்புகள் போன்றவை. வேறுபாடு பெரும்பாலும் பல்சக்கரத்திலும் தலைச்சின்னத்திலுமே தெரியும். ராலியின் பல்சக்கரத்தில் கொக்கின் தலை. ரட்ஜின் பல்சக்கரத்தில் விரித்த கை. பி.எஸ்.ஏ.யின் சின்னம் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். பர்மிங்காமில் துப்பாக்கி செய்தவர்கள் மிதிவண்டிக்கு வந்த வரலாறு அதில் அடங்கியிருக்கிறது.

1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. வங்காளத்து அசன்சாலில் சென்–ராலி தொழிற்சாலை எழுந்தது. அதன் பிறகு இறக்குமதி வண்டிகள் அருகின. இதனால்தான் ‘நாட்டிங்காம், இங்கிலாந்து’ என்று சின்னத்தில் கண்டால் இன்றைய வாங்குவோர் இரட்டிப்பு விலை பேசுகிறார்கள். இந்தப் பாகுபாட்டில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. இந்நாட்டின் பாலையும் செய்தித்தாளையும் துணிமூட்டையையும் சுமந்தவை அம்பத்தூரில் பிறந்த வண்டிகள். ஆனால் சந்தை நம்மைக் கேட்டு விலை வைப்பதில்லை.

விலை ஏறிய இடத்தில் புரட்டும் ஏறும். சின்னம் சிறு ஆணிகளால் அறையப்பட்ட ஒரு தகடு. அதைப் பெயர்த்து வேறொரு வண்டியில் பொருத்துவது அரைமணி நேர வேலை. சட்டத்தில் பொறித்த எண்ணை மட்டும் கொண்டு ஆண்டைத் திட்டமாகச் சொல்லிவிட முடிவதில்லை. மூன்று வேகம் கொண்ட ஸ்டர்மி–ஆர்ச்சர் பின்குடம் இருந்தால் சற்று நிம்மதி. 1950களைச் சேர்ந்த குடங்களில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படிக்கவேண்டியதுதான். அதுவும் குடம் பிறந்த நாளையே சொல்லும், வண்டி பிறந்த நாளை அன்று.

மூல வண்ணத்தின் மீது புது வண்ணம் அடிப்பதைப் போன்ற கேடு வேறில்லை. சூளையில் சுட்டெடுத்த அந்தக் கறுப்பும், அதன்மேல் இழுத்த பொன்னிறக் கோடும் அறுபது ஆண்டு கழித்தும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தால் முகம் காட்டும். பேரப்பிள்ளைகள் அன்பு மிகுதியால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பளபளக்கும் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து, “இப்ப என்ன விலை போகும்?” என்று கேட்கும்போது நாம் என்ன விடை சொல்வது? பாதி விலை என்று சொன்னால் மனம் நோகிறார்கள்.

2014ஆம் ஆண்டில் நாகூரை அடுத்த ஒரு சிற்றூருக்கு ஒரு ராலியைப் பார்க்கச் சென்றோம். வீட்டுக்காரர் சபுராளி, பினாங்கில் கடையில் இருந்தவர். வண்டியும் பினாங்கில் வாங்கியதுதான். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியதாம். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எண்பதை எட்டிய அவருடைய மனைவியார் வண்டியைத் திண்ணையில் நிறுத்தி, பழம்புடவையால் போர்த்தி வைத்திருந்தார். கொக்குத்தலைப் பல்சக்கரம், புரூக்ஸ் தோல் இருக்கை, மில்லர் டைனமோ விளக்கு, ஸ்டர்மி–ஆர்ச்சர் குடம், யாவும் இருந்தன. இருக்கைக்குப் பின்னால் தொங்கிய சிறு தோற்பையில் பழைய உரிம வில்லைகள் நான்கு இருந்தன. மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை மாட்டிய காலத்தை நம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள்.

“மூவாயிரம் தர்றேன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்காங்க தம்பி. ஐந்நூறு கூடப் போட்டுக் குடுத்தா நீங்களே எடுத்துக்குங்க. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்” என்றார் அந்த அம்மையார்.

அந்த ‘ஒருத்தர்’ யார் என்று நமக்குத் தெரியும். முழு வண்டி அவருக்கு வேண்டாம். பல்சக்கரம் ஓரிடம், விளக்கு ஓரிடம், இருக்கை ஓரிடம், குடம் ஓரிடம் என்று பிரித்து விற்றால் முழு வண்டியின் விலைக்கு மேலேயே தேறும். மிஞ்சும் சட்டம் காயலான் கடைக்குப் போய் எடைக்கு விழும். (காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் இது என்பர். அவ்வூரார் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள்.) பிரித்து விற்பது குற்றமன்று. உடைந்த வண்டிகளின் உறுப்புகளால்தான் நல்ல வண்டிகள் உயிர் வாழ்கின்றன; நாமும் அப்படி எத்தனையோ வாங்கியிருக்கிறோம். ஆனால் குறைவின்றி நிற்கிற ஒன்றை அறுப்பது வேறு.

“அம்மா, இதை 3,500க்கு நாங்க எடுத்தா அது நியாயமாகாது. இருக்கிறபடியே 12,000 பெறும்” என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப முந்தி வந்தவங்களுக்கு இது தெரியாதா?” என்று கேட்டார். நாம் விடை சொல்லாமல் குடத்தைத் துடைக்கத் தொடங்கினோம்.

இத்தொழிலில் உள்ள நண்பர்கள் சிலர் பின்னர் நம்மைக் கடிந்துகொண்டார்கள். விற்கிறவர் கேட்டதற்கு மேல் கொடுப்பது வணிகமா என்றார்கள். அவர்கள் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ஊர் ஊராக அலைந்து, ஏமாந்து, கை கறுத்துக் கற்ற அறிவு அல்லவா நம் முதல்? அந்த அறிவுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும்தான். வண்டியைச் சீர்செய்வதிலும் அதற்குரிய ஆளைத் தேடிச் சேர்ப்பதிலும் அக்கூலியை எடுத்துக்கொள்ளலாம். விற்பவரின் அறியாமையிலிருந்து எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. சந்தை நிலவரம் அறியாமல் வருகிற வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதற்கு வந்த தடையை நம் வாசகர் அறிவர். அந்தத் திண்ணையும் ஊருக்கு வெளியேதான் இருந்தது என்று நமக்குப் பட்டது.

நம் கணக்கையும் மறைக்கவில்லை. 12,000 கொடுத்து வாங்கினோம். ஓவராயில், கோட்டம் எடுத்தல், புது டயர், டியூப், பிரேக் கட்டை என 2,600 செலவாயிற்று. வண்ணத்தைத் தொடவில்லை. 18,000க்கு விற்றோம். இலாபம் 3,400; நான்கு மாதம் காத்திருந்ததற்கு அது அதிகமுமில்லை, குறைவுமில்லை.

இடையில் ஒரு சிக்கல் எழுந்தது. வண்டி 1949இல், தம் திருமணத்துக்கு முன்பே வந்தது என்பது அம்மையாரின் உறுதியான நினைவு. குடத்தில் 52 என்றிருந்தது. பின்சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது நினைவு முந்தியிருக்கலாம். 1949 என்று மட்டும் சொன்னால் இன்னும் இரண்டாயிரம் கூடக் கிடைத்திருக்கும். வாங்க வந்தவரிடம் இரண்டையும் சொன்னோம். அவர் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். உணவுவிடுதிச் சுவரில் மாட்டி வைக்கக் கேட்டு வந்த இருவரை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தோம். ஆண்டைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. “ஓட்ட முடியுமா?” என்றுதான் கேட்டார். ஓட்டிப் பார்த்தார், மூன்று வேகமும் விழுந்தன. உரிம வில்லைகள் நான்கையும் அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றதற்கு மட்டும் சிறிது வருந்தினார்.

இன்றும் அதில்தான் கடைக்குப் போகிறாராம். விளக்கு மட்டும் எரிவதில்லை. டயரில் உரசிச் சுழலும் டைனமோ உருளை தேய்ந்துவிட்டது. அதற்கேற்ற மில்லர் உருளை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.