கேள்வி கேட்டாத்தான் சாப்பாடு!

கிளாஸ் முடியும்போது 'எனி டவுட்ஸ்?' என்று புரொபசர் கேட்டதும் என்ன செய்வீங்க? அறுபது பேரும் டெஸ்க்கைப் பார்ப்பீங்க. அதையும் மீறி ஒருத்தன் கையைத் தூக்கினா, 'டேய், பெல் அடிக்கிற நேரத்துல உனக்கு எதுக்குடா?' என்று பின் பெஞ்சிலிருந்து பேப்பர் உருண்டை பறக்கும். ரைட்டா?

16 வருஷம் அப்படியே படிச்சுட்டு எம்.எஸ். பண்ண நியூஜெர்சி போனவள் நான். என் ரூம்மேட் ஒரு யூதப் பொண்ணு. பெசாக் பண்டிகைக்குத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கே 7 வயசுல ஒரு பையன், 4 வயசுல ஒரு வாண்டு. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலையான கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ராத்திரி அது. அந்த விருந்துக்கு 'செடர்' என்று பெயர்.

சொல்ற விதம்தான் மேட்டரே! பெசாக் முடியும்வரை வீட்டில் புளித்த மாவுப் பண்டம் துளிகூட இருக்கக் கூடாது. அதனால் முதல் நாள் ராத்திரி, வீட்டையே துடைச்சு முடிச்ச அம்மா, வேணும்னே 10 ரொட்டித் துண்டுகளை ஒளிச்சு வைக்கிறாங்க. பிள்ளைங்க மெழுகுவர்த்தி வெளிச்சத்துல தேடிப் பிடிச்சு, இறகால மரக்கரண்டியில தள்ளி எடுக்கணும். (ஒட்டடை அடிக்கிறதை இப்படிச் சொல்லியிருந்தா நானே அடிச்சிருப்பேன்!)

மறுநாள் டேபிள் முழுக்கக் கதைதான். உப்புத் தண்ணி, அடிமைகளின் கண்ணீர். அதில் பார்ஸ்லி கீரையை முக்கிக் கடிக்கணும். ஹார்ஸ்ராடிஷ் கிழங்குத் துருவல், அந்த வாழ்க்கையின் கசப்பு. ஆந்திரா மிளகாய்க்கே அசராத எனக்கு மூக்கு எரிஞ்சுபோச்சு. ஆப்பிள், வால்நட், பட்டை, ஒயின் சேர்த்த 'ஹரோசெட்', அவங்க குழைச்ச கட்டடச் சாந்து. பையனே அரைச்சானாம். அப்புறம் 'மாட்ஸா' ரொட்டி. அவசரமா ஓடினவங்களுக்கு மாவு புளிக்க ஏது நேரம்? அதனால் மாவில் தண்ணி பட்ட 18 நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்திருக்கணும்.

ஆனா, கதை தானாக ஆரம்பிக்காது. இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படின்னு வீட்டின் கடைக்குட்டி கேட்கணும். நம்ம வாண்டு வெட்கப்பட்டு டேபிளுக்கு அடியில் புகுந்துட்டா! யாரும் அதட்டலை, எடுத்தும் கொடுக்கலை. காத்திருந்தாங்க. கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் வெளியே வந்துச்சு. பழகின பாட்டை விட்டுட்டு, 'அவங்க அழுத தண்ணியை நாம ஏன் சாப்பிடணும்?' என்றாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பொண்ணு ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி! கையிலிருந்த ஹகாடா புத்தகத்தை மூடி வெச்சுட்டு, அதுக்கே அரை மணி நேரம் பேசினார். எங்களுக்கோ பசி!

சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி தொகுத்த 'மிஷ்னா'விலேயே, பிள்ளைக்குக் கேட்கத் தெரியலைன்னா அப்பாதான் கேட்கக் கற்றுக் கொடுக்கணும்னு இருக்காம். தல்மூத் இன்னும் ஒருபடி மேல. பிள்ளை இல்லைன்னா மனைவி கேட்கணும். தனி ஆளா? தன்னைத்தானே கேட்டுக்கணும்! பேச்சுலர்களுக்கும் தப்பிக்க வழியில்லை.

சாப்பாடு முடிஞ்சும் யாரும் எழுந்திருக்கலை. ஆரம்பத்தில் உடைச்சு ஒளிச்சு வெச்ச பாதி மாட்ஸாவைச் சாப்பிட்டால்தான் விருந்து நிறைவாம். பையன் அதைக் கண்டுபிடிச்சு சட்டைக்குள் செருகிக்கிட்டு பேரம் பேசினான். சைக்கிளில் ஆரம்பிச்சு, லெகோ செட்டில் படிஞ்சது. தங்கச்சி பங்கு கேட்டதும் மறுபடி முதல்லேர்ந்து!