நாலு கதவு ஹெரால்டு

ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் "கார் வேலை" என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தங்கள் வண்டியில் வரும் கடகட சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் ஷெட் என்பது சாப்பாட்டு மேஜையில் பாதி. மறுபாதி வீட்டம்மாவுக்கு. என் கார்கள் எல்லாம் உள்ளங்கையில் அடங்குபவை.

பிளாஸ்டிக் மாடல் கார் என்றால் பொம்மைக் கடையில் தொங்கும் கார் இல்லை. பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. ஒரு சட்டத்தில் பாகம் பாகமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பாகங்களை வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பசை போட்டு, பெயின்ட் அடித்து நாமே காராக்க வேண்டும். பசை என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும் திரவம். காய்ந்த பிறகு கிட்டத்தட்ட வெல்டிங்தான்.

இதில் இன்னொரு படி உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் படத்தின்படி செய்யாமல், நமக்கு வேண்டிய மாதிரி வெட்டி ஒட்டி மாற்றுவது. அமெரிக்காவில் 1958-இல் ஏஎம்டி என்ற கம்பெனி, ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்ய வசதியாகப் பாகங்கள் கொடுத்து விற்க ஆரம்பித்தது. கடையில் வந்தபடி ஒன்று, அலங்காரமாக ஒன்று, பந்தயக் காராக ஒன்று. அந்த ஊர்ப் பையன்கள் கூரையைத் தாழ்த்தி, வண்டியைத் தரையோடு இறக்கி, தீப்பிழம்பு வரைந்து அமர்க்களம் பண்ணினார்கள்.

எனக்குத் தீப்பிழம்பில் ஆசையில்லை. நம் ஊர்த் தெருவில் ஓடிய வண்டிகளைச் செய்யத்தான் ஆசை. அதற்குப் பெட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி நம் ஊர் வண்டியாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

போன வருடம் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் அக்காவுக்கு 79 வயது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இந்த நோயில் போன பார்வை திரும்பாது. வலியும் இல்லாமல் வருவதால் ஆரம்பத்தில் தெரிவதில்லை. படிக்கிறவர்கள் கண் அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா கேட்டாள். "ஊர்ல இருக்கிற காரெல்லாம் பண்றியே, எங்க ஹெரால்டைப் பண்ண மாட்டியாடா?"

அத்தான் 1973-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி. வடிவமைத்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் அம்பாசடர்காரர் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும்போது அத்தான் ஒரே திருப்பில் திருப்பிவிட்டுச் சிரிப்பார்.

இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். நம் ஊர்க் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதுமா? பாட்டியை முன் சீட்டை மடித்துப் பின்னால் ஏற்றுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். 1960-களின் பிற்பகுதியில் வண்டலூரில் நாலு கதவு வைத்து மார்க் 3 என்று கொண்டுவந்தார்கள். அந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு. அத்தானுடையது அதுதான்.

ஆங்கிலேயக் கம்பெனியான ஏர்ஃபிக்ஸ், ஹெரால்டுக்கு 1:32 அளவில் ஒரு பெட்டி போட்டிருக்கிறது. 32-இல் ஒரு பங்கு என்றால் உண்மையான ஒரு அடி இங்கே ஒன்பதரை மில்லிமீட்டர். முழு வண்டியே 12 சென்டிமீட்டர்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் அதில் வேலை மிச்சம். கதவுதான் பிரச்சினை.

அக்கா வீட்டு ஆல்பத்தில் ஒரே ஒரு படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. வண்டியின் வலப்பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி, முன்னால் நாலு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தது. 33 வருடம் டிராயிங் ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு அது போதும். ஹெரால்டு சக்கரத்தின் ரிம் 13 அங்குலம். படத்தில் ரிம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தால் மற்ற அளவெல்லாம் கணக்கில் வந்துவிடும். முன் கதவு எங்கே முடிகிறது, நடுத் தூண் எவ்வளவு அகலம், பின் கதவு சக்கர வளைவை எங்கே தொடுகிறது என்று எல்லாவற்றையும் கிராஃப் தாளில் வரைந்துகொண்டேன்.

பிறகு அறுவை சிகிச்சை. பழைய நீண்ட கதவின் கோட்டைப் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். நடுத் தூணை முன்னால் தள்ளி, புதிதாக ஒன்று வைத்தேன். அதற்கான பிளாஸ்டிக் தயிர்க் கப்பிலிருந்து வந்தது. கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது பாலிஸ்டைரீன், நம் பசையில் ஒட்டும். வேறு எண் இருந்தால் ஒட்டாது. கதவு கைப்பிடிக்கு, மிச்சமான சட்டத்தை மெழுகுவர்த்தி மேல் காட்டி இளக்கி இழுத்தால் வேண்டிய அளவு மெல்லிய கம்பி கிடைக்கும்.

புதுக் கதவுக் கோட்டைக் கீற வேண்டிய கட்டம் வந்தபோதுதான் கை நின்றது.

உண்மை வண்டியில் கதவிடுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 32-இல் ஒரு பங்கு 0.16 மில்லிமீட்டர். ஊசி முனையால் லேசாகக் கீறினால் போதும், கண்ணுக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவளுக்குக் கண் இல்லை. பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கீறல் விரலுக்குத் தட்டுப்படவே படாது. நாலு கதவு இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டுமானால் அரை மில்லிமீட்டராவது வேண்டும். அதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 16 மில்லிமீட்டர். கதவிடுக்கில் விரலே நுழையும்!

இதே பைத்தியம் பிடித்த ஒரு நண்பரிடம் கேட்டேன். "அளவு தப்பினால் அது மாடல் இல்லை சார், பொம்மை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கின் மரியாதையே அளவில்தான். நானும் ஆயுள் முழுவதும் அளவை நம்பிச் சோறு தின்றவன். இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, முன்பு செய்து வைத்திருந்த ஃபியட் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். நான் பெருமைப்பட்டுக்கொண்ட கோடுகள், கண்ணாடி ஓரத்து வெள்ளித் தாள், நம்பர் பிளேட் எழுத்து எதுவுமே விரலுக்குக் கிடைக்கவில்லை. சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. அளவு என்பது பார்க்கிறவருக்காகத்தானே? விரலால் பார்க்கிறவருக்கு விரலின் அளவு. அரை மில்லிமீட்டருக்கே கீறினேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அப்படியே யோசித்தேன். கைப்பிடியைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். சும்மா ஒட்டினால் தடவும்போது உடைந்துவிடும் என்று, பொடித் துளை போட்டுப் பித்தளைக் கம்பி சொருகி நிறுத்தினேன். பம்பருக்கும் அதே வைத்தியம். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பித்தளையிலேயே செய்தேன்.

நிறம் மட்டும் கண்ணுக்கானது, அதை அக்கா கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். "என்ன கலர் அடிக்கப் போற?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. படம் கறுப்பு வெள்ளை ஆயிற்றே என்றேன். "உன் கல்யாணத்துக்கு நான் கட்டிக்கிட்ட பட்டுப்புடவை பீரோல இருக்கு பாரு. பார்டர் இல்ல, உடம்பு கலர். அத்தான் அன்னிக்கு வண்டியும் நீயும் ஒரே கலர்னு கேலி பண்ணினாரு" என்றாள். சாம்பல் கலந்த நீலம். புடவையை ஜன்னலோரம் விரித்துவைத்துப் பெயின்ட் கலந்தேன். சின்ன உருவத்தில் நிறம் சற்று அடர்த்தியாகத் தெரியும் என்பதால் ஒரு சொட்டு வெள்ளை கூடுதல். புடவையில் சொட்டாமல் பார்த்துக்கொள்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பெயின்ட் நன்றாக இறுகப் பத்து நாள் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலால் பானெட்டின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். முன் விளக்கு இரண்டையும் நிரடினாள். கூரை, டிக்கி, பம்பர். பிறகு வலப்பக்கம் வந்து ஒரு கோடு, இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு என்று விரல் நகர்ந்தது. "ரெண்டு கதவு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். வண்டியைத் திருப்பி இடப்பக்கம் தடவியவள் பின் கதவுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இங்க கைப்பிடி கிடையாதுடா."

"எல்லாக் கதவுக்கும் உண்டேக்கா?"

"எங்களதுக்குக் கிடையாது. வாங்கி மறு வருஷமே பிடுங்கிட்டு வந்துடுச்சு. மாத்தறேன் மாத்தறேன்னு கடைசி வரைக்கும் உங்க அத்தான் மாத்தல. வெளியில இருந்து திறக்க முடியாது. நான்தான் பிள்ளைங்களைத் தாண்டிக் கையை நீட்டி உள்ளேருந்து திறந்து விடுவேன். எங்க போனாலும் மொதல்ல நான் ஏறணும், அப்பதான் மத்தவங்க அந்தப் பக்கம் ஏற முடியும்."

ஆல்பத்தில் இருந்தது வலப்பக்கப் படம். இடப்பக்கம் எப்படி இருந்தது என்று அக்காவின் கைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, இத்தனை வருடமாக. 1984-இல் விற்ற வண்டி. அத்தான் போயும் பதினைந்து வருடம் ஆகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தக் கைப்பிடியை எடுத்தேன். பித்தளைக் கம்பி சொருகிய இரண்டு துளையையும் அடைக்காமல் விட்டு, ஓரத்துக்கு மட்டும் பெயின்ட் தொட்டேன். மறு வாரம் கொடுத்தபோது நகத்தால் அந்தத் துளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, "ம், இப்ப சரி" என்றாள்.

என் மாடல் கார்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் தூசி படாமல் நிற்கின்றன. ஹெரால்டு மட்டும் அக்காவின் கட்டிலருகே மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கூரையில் பெயின்ட் தேய்ந்து அடியில் இருக்கும் பிரைமர் தெரிய ஆரம்பித்துவிட்டது. திரும்ப அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஒரு வாரம் வண்டி கையில் இல்லாமல் இருக்க முடியாதாம்.