கண்ணுக்குத் தெரியாத மரை

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனரின் முன்பக்கத்தைச் சுருள்வில்கள் தாங்குவதில்லை; நீளவாட்டில் கிடக்கும் இரண்டு முறுக்குக் கம்பிகளே தாங்குகின்றன. சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது கீழிணைப்பின் மரைக்குள் சுழலும். கிறீஸ் வற்றினால் மரை தேயும். ஒருநாள், ஓட்டத்திலேயே, தண்டு கழன்று சில்லு மடிந்துவிடும்.

எங்கள் மைனரின் முன்சில்லைப் பிடித்து அசைத்தால் மெல்லிய தட்டல் கேட்டது. "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்றார் கராஜ்காரர். மகள் கைக்குழந்தையோடு ஏறும் கார் அது. என்னால் அப்படி விட முடியவில்லை.

வீட்டு முற்றத்திலேயே கழற்றினேன். காரைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, கீழ்க்கைக்கு ஜக் கொடுத்து, முறுக்கை அங்குலம் அங்குலமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால், கம்பியில் தேங்கிய விசை கையை முறித்துவிடும். வெளியே வந்த பழைய இணைப்பின் மரை கத்திவிளிம்பாக மெலிந்திருந்தது. இடம், வலம் பார்த்துப் புதிய தண்டுகளையும் இணைப்புகளையும் றப்பர் புஷ்களையும் பூட்டி முடிக்க இரண்டு வார இறுதிகள் சென்றன.

இப்போது ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கிறீஸ் ஏற்றுகிறேன். கால்மணி நேர வேலை. மைனர் வைத்திருப்பவர்கள் நாளைக்கே முன்சில்லை அசைத்துப் பாருங்கள். தட்டல் கேட்டால், அதை முதுமையின் முனகல் என்று விட்டுவிடாதீர்கள்.