ஆண்மையும் மகப்பேறும்

மலடி என்ற சொல் நம்மூர்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு, ஊர்வாயில் அரிது. பிள்ளையில்லா வீட்டின் பழியைச் சுமந்தவர் யார் என்பதை இவ்விரு சொற்களின் வழக்கே காட்டிவிடும். விரதமிருந்தவளும் கோயில் மரத்திலே தொட்டில் கட்டியவளும் பெண்ணே. ஆனால், மகப்பேறு தாமதமாகும் தம்பதியருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடத்து ஆணின் உடல்நிலையும் காரணமாகின்றது என மருத்துவம் கூறுகின்றது.

1942 ஆம் ஆண்டு கிளைன்பெல்ற்றர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவரும் விவரித்த நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1959 இல் அதன் காரணம் தெளிவாயிற்று. கலங்களிலே 46 நிறமூர்த்தங்கள் இருக்க வேண்டிய இடத்தில், எக்ஸ் ஒன்று மிகையாகி, 47 இருந்தன. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவர் இவ்வாறு பிறக்கின்றார். இது பெற்றோர் செய்த பாவமன்று. கலப்பிரிவிலே நேரும் தற்செயல். பலர் இதனை ஆயுள் முழுவதும் அறிவதில்லை. வேறு பலர், மணமாகிச் சில ஆண்டுகளின் பின் பிள்ளை வேண்டி வைத்தியசாலைப் படியேறும்போதே அறிகின்றனர்.

அந்நாளில் அம்மனிதன் கேட்பது மருத்துவச் செய்தி மட்டுமன்று. எக்ஸ் பெண்மைக்குரியது எனப் பள்ளியிற் படித்தவன், தன் ஆண்மையே பொய்யோ என மயங்குகின்றான். ஆண்மை வேறு, மகப்பேற்று வலிமை வேறு என நம் பேச்சுவழக்குப் பிரித்தறிவதில்லை. ஆகவே அவன் மௌனத்தை நாடுகின்றான். உறவினர் வீட்டுத் துடக்குக்கழிவுக்கு அழைப்பு வந்தால் வேலையைச் சாட்டாகக் கூறுகின்றான். நண்பர் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுமிடத்தில் எழுந்து செல்கின்றான். இம்மட்டில் அத்துயர் அவனுடையது. ஆனால், தாய் மருமகளை நோக்கிப் பெருமூச்செறியும்போது, மருத்துவ அறிக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் வாளாவிருப்பானாயின், அத்துயர் மற்றொருத்திக்கு இழைக்கும் அநீதியாக மாறிவிடுகின்றது.

துயருறுதல் கோழைத்தனமன்று. பிறவாத பிள்ளைக்காகவும் மனிதன் துக்கங் காக்கின்றான். அந்தத் துக்கத்துக்கு எட்டுச்செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை; அதனாலேயே அது நீள்கின்றது. அதற்குரிய முதல் மருந்து சொல். மனைவியிடம் முதலிலும், நம்பத்தக்க ஒருவரிடம் பின்னரும் சொல்லப்பட்ட துயர் பாரங் குறைகின்றது.

மருத்துவமும் கைவிடவில்லை. தனியொரு விந்தணுவை முட்டையினுட் செலுத்திக் கருவுறச் செய்யும் முறையாற் குழந்தைகள் பிறந்த செய்தி 1992 இல் பெல்ஜியத்திலிருந்து வெளிவந்தது. இந்நிலையுடைய ஆண்களுள்ளும் பலரிடத்து, நுண்ணிய சத்திரசிகிச்சையால் விதையிலிருந்து விந்தணுக்களைப் பெற முடிகின்றது. எல்லோருக்கும் இது கைகூடாது, செலவும் பெரிது. ஆகவே நம்பிக்கையும் ஏமாற்றத்தைத் தாங்கும் திடமும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

பாரதத்துப் பாண்டு பெருவீரன். சாபத்தினால் மகப்பேற்றை இழந்தவன். அவன் தன் நிலையைக் குந்தியிடம் மறைக்கவில்லை, தனித்திருந்து எடுத்துரைத்தான். பின்னர் பிறந்த ஐவரும் அவன் உடல்வழி வந்தவரல்லர். ஆயினும் உலகம் அவர்களைப் பாண்டவர் என்றே அழைக்கின்றது. தந்தைமையை அளக்க நம் முன்னோர் உடலை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதற்கு இப்பெயரே போதிய சான்றாகும்.