வெயிலுக்கு வந்த விலை

இராமநாதபுரச் சீமையில் வெயிலைப் புகழ்ந்து பேசிய ஒருவரையும் நாம் இளங்குருவாய் இருந்த நாட்களில் கண்டதில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே பணியாற்றச் சென்றபோது, கண்மாய்கள் வறண்டு, காடெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பதே பல குடும்பங்களின் சீவனோபாயம். புகையினால் சிவந்த கண்களோடு ஞாயிறு பூசைக்கு வந்து நிற்பார்கள்.

அதே மாவட்டத்தில், கமுதியை அடுத்த செங்கப்படையில், 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. பரப்பு ஏறக்குறைய 2,500 ஏக்கர். நம் மக்கள் சோலார் பேனல் என்றழைக்கும் மின்தகடுகள் 25 இலட்சம். மழை பொய்த்த அம்மண்ணைத் தேடி முதலீடு வந்ததற்குக் காரணம், எல்லாரும் சபித்த அந்த வெயிலேயன்றி வேறில்லை.

நிலக்கரியைப்போல் நாள்தோறும் விலைகொடுத்து வாங்கும் எரிபொருள் இதற்கு வேண்டுவதில்லை. செலவில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே தகட்டின் விலையும் கடனுக்கான வட்டியும் குறையக் குறைய மின்சாரமும் மலிவாகிறது. கமுதி மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை அலகு ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு. 2017-இல் இராஜஸ்தானத்துப் பட்லா ஏலத்திலோ அது 2 ரூபாய் 44 காசாக இறங்கிற்று. 2014 மார்ச்சில் நாடு முழுவதும் மூவாயிரம் மெகாவாட்டைக்கூட எட்டாதிருந்த சூரிய மின்திறன், 2025 சனவரியில் ஓர் இலட்சத்தைக் கடந்தது. இரவுக்குச் சேமித்துவைப்பதுதான் இன்னும் செலவு பிடிக்கும் காரியம்.

தகடுகளுள் பெரும்பகுதி சீனத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் நடுவணரசு அவற்றுக்கு 40 விழுக்காடு சுங்கம் விதித்தது. உள்நாட்டு ஆலைகள் பெருகலாயின. நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானில் 2024-இல் மின்கலம் செய்யத் தொடங்கிய ஆலையில் பணியாளருள் பெரும்பாலோர் பெண்கள். நாம் அறிந்த கரிமூட்டக் குடும்பமொன்றின் மகளும் அங்கே இருக்கிறாள். அண்மையில் அவள் தாயைச் சந்தித்தோம். “நான் புகையிலேயே கிடந்தேன், சாமி. இவ தூசியே ஆகாத அறையில வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறாளாம்” என்று சொல்லிச் சிரித்தார்.

அருகே இருந்த கணவர் சிரிக்கவில்லை. அவர்கள் ஊருக்கு அண்மையிலும் சிறு சூரியப் பண்ணை ஒன்று வந்தது. நிலம் விற்றவர்கள் பணம் பெற்றனர். பிறர் நிலத்தில் விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் பிழைத்த அவருக்கு விற்க நிலமில்லை; ஆதலால் பெறப் பணமுமில்லை. கம்பிவேலி எழுந்த ஆண்டே ஆடுகளை விற்றுவிட்டார்.

கருநாடகத்துப் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் எனக் குத்தகைக்கு எடுத்தனர். நிலம் உழவர் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு என்றே எண்ணுகிறோம். ஆயினும், வாசக அன்பர்களே, அந்தக் குத்தகைப் பணமும் பட்டாவைத் தேடியே போகிறது. கூலியாளின் வாசலை அது அறியாது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தகடுகளுக்கு அடியில் வளரும் புல்லை மேய்க்க மந்தைகளை உள்ளே விடுகிறார்கள். வெள்ளாடு தகட்டின்மேல் ஏறும், கம்பியைக் கடிக்கும்; ஆகையால் செம்மறியைத்தான் விடுவார்கள். இதை அப்பெரியவரிடம் சொன்னோம்.

“நம்மகிட்ட இருந்ததும் செம்மறிதான், சாமி” என்றார்.